விழித்திருந்தபடியே ஒரு காது ஆபரேஷன்

நம் சங்க விழாக்களில் எல்லோரும் கை தட்டும்போது நானும் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உண்மையில் எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. 68 வயதுக்குள் இரண்டு காதும் போய்விட்டன. ஹியரிங் எய்டு வைத்தால் இரைச்சல்தான் வரும், சொல் புரியாது.

காரணம் இதுதான். உட்காதில் நத்தைக்கூடு போல இரண்டரைச் சுற்றுள்ள காக்ளியா என்ற உறுப்பு இருக்கிறது. அதிலுள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒலியதிர்வை மின்குறிப்பாக்கி நரம்புக்குக் கொடுக்கின்றன. அழிந்தால் மறுபடி முளைக்காது. எய்டு ஒலியைப் பெரிதாக்கும். அதை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டாமா? காக்ளியர் இம்ப்ளாண்ட், அந்தச் செல்களைத் தாண்டி, மெல்லிய இழையிலுள்ள மின்முனைகளால் நரம்பையே தூண்டுகிறது. 1978-இல் மெல்போர்னில் இத்தகைய கருவியைப் பொருத்திய டாக்டர் கிரேம் கிளார்க்கின் தந்தையும் காது மந்தமானவர்.

இந்த ஆபரேஷன் வழக்கமாக முழு மயக்கத்தில் நடக்கும். எனக்கோ இதயம் பலவீனம். தில்லியில் ஒரு மருத்துவமனை "வயசாயிடுச்சு, விடுங்க" என்று கைவிரித்தது. இன்னொரு இடத்தில், மரத்துப்போகும் ஊசியும் லேசான தூக்க மருந்தும் கொடுத்துச் செய்யலாம் என்றார்கள். இது எல்லோருக்கும் ஒத்துவராது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

ஒரு சிக்கல் இருந்தது. விழித்திருக்கும் நோயாளியிடம் டாக்டர் பேசுவார். செவிடனிடம் எப்படிப் பேசுவது? எல்லோர் வாயிலும் மாஸ்க், உதட்டசைவும் தெரியாது. முதல் நாளே சைகை பேசி வைத்துக்கொண்டோம். நர்ஸ் என் கையைப் பிடித்திருப்பார். அவர் ஒரு முறை அழுத்தினால் 'அசையாதீர்கள்'. நான் இரண்டு முறை அழுத்தினால் 'வலிக்கிறது', மூன்று முறை என்றால் 'கேட்கிறது'.

காதுக்குப் பின்னால் ஊசி சுருக்கென்றது. பிறகு எலும்பைக் குடைந்தார்கள். வலியில்லை, மாவு மில் இயந்திரத்தில் தலை சாய்த்தது போல மண்டை அதிர்ந்தது. ஒரு தடவை வலித்தது. இரண்டு முறை அழுத்தினேன். உடனே நிறுத்தி, இன்னொரு ஊசி போட்டார்கள். இழையை நுழைக்கும்போது தலை சுற்றியது. சமநிலை உறுப்பு பக்கத்திலேயே இருக்கிறதே!

கடைசியில் கருவியைச் சோதித்தார்கள். 'டிங்'! நான்கு வருஷத்துக்குப் பின் ஒரு தெளிந்த ஒலி. நர்ஸின் கையை மூன்று முறை அழுத்தினேன்; கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது.

வெளிக்கருவியை மூன்று வாரம் கழித்துத்தான் இயக்கினார்கள். எல்லோர் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. மூளை புதிதாகப் படிக்க வேண்டும். பயிற்சியாளர் கொடுத்தது ஹிந்திச் சொற்பட்டியல். ஐம்பது வருஷம் தில்லியில் இருந்தும் அதில் தடுமாறினேன். வீட்டில் என் மனைவி பேப்பரால் வாயை மறைத்துக்கொண்டு, "மோர், ரசம், தயிர்" என்று தினமும் ஒரு மணி நேரம் சொன்னாள். தமிழ்தான் முதலில் பிடிபட்டது. வலி, வழி இன்னும் குழப்பம்தான்.

செலவு பல லட்சம். அரசின் உதவித் திட்டங்கள் பெரும்பாலும் சிறு குழந்தைகளுக்கே. பலன் ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும், வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு 'வயசாயிடுச்சு' என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். பரிசோதனை செய்து, டாக்டர் சொல்லட்டும்.

சென்ற பொங்கலன்று கும்பகோணத்திலிருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். "தம்பி, ஏண்டா கத்தறே? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றாள்.