வெனிலா வாசம் எங்கிருந்து வருது?

கப்பைத் திறந்ததுமே கமகமவென்று மணக்கும் வெனிலா ஐஸ்கிரீம் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? சரி, அந்த வாசம் எங்கிருந்து வருகிறது? வெனிலா கொடியில் இருந்தா, தொழிற்சாலையில் இருந்தா? என்னதான் மோந்து பார்த்தாலும் நம் மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான், 'எந்த வகை வாசனை என்று எழுதிக் காட்டு' என்கிறது சட்டம்!

சிறுவன் செய்த அதிசயம்

வெனிலா ஒரு வகை ஆர்க்கிட் கொடி. சொந்த ஊர் மெக்சிகோ. இதை இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். கொடி வளர்ந்தது, பூத்தது. ஆனால் காய்க்கவில்லை. மெக்சிகோவில் மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சிகள் இங்கே இல்லையே!

1841-ம் ஆண்டில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு மெல்லிய குச்சியையும் தன் கட்டை விரலையும் வைத்தே மகரந்தச் சேர்க்கை செய்து காட்டினான். கொடி காய்த்தது! இன்றும் தோட்டங்களில் அவன் காட்டிய வழியில்தான் ஒவ்வொரு பூவாகக் கையால் தொட்டுச் செய்கிறார்கள். பூ விரிவதோ ஒரே ஒரு நாள்தான். காய் முற்றப் பல மாதங்கள், அதைப் பதப்படுத்தி மணம் வரவைக்க இன்னும் சில மாதங்கள். விலை எகிறாமல் என்ன செய்யும்?

மூன்று வகை

வெனிலாவின் மணத்துக்கு முக்கியக் காரணம் 'வெனிலின்' என்ற வேதிப்பொருள். 1874-ல் ஜெர்மனி விஞ்ஞானிகள் டீமான், ஹார்மன் இருவரும், பைன் மரத்தில் கிடைக்கும் ஒரு பொருளில் இருந்து வெனிலினைத் தயாரித்து விட்டார்கள். கொடியே தேவைப்படவில்லை!

இப்படிப் பல வழிகளில் வாசனை வருவதால், நம் நாட்டு உணவுச் சட்டத்தின் விதிகள் அதை மூன்றாகப் பிரிக்கின்றன.

1. இயற்கை: வெனிலா காயில் இருந்தே பிரித்தெடுத்தது.

2. இயற்கையை ஒத்தது: தொழிற்சாலையில் செய்தது. ஆனால் காயில் உள்ள அதே வேதிப்பொருள்.

3. செயற்கை: நாம் உண்ணும் எந்த இயற்கைப் பொருளிலும் காணப்படாதது. உதாரணம், எத்தில் வெனிலின். இதன் மணம் வெனிலினைவிடத் தூக்கல்!

அப்படியானால் இயற்கை நல்லது, செயற்கை கெட்டது என்று அர்த்தமா? அவசரப்படாதீர்கள்!

தடை! தடை!

தென் அமெரிக்காவில் டோங்கா என்றொரு மரம் உண்டு. அதன் விதை வெனிலாவைப் போலவே மணக்கும். ஒரு காலத்தில் வெனிலாவுக்குப் பதிலாக இதைச் சேர்த்தார்கள். அதில் உள்ள 'கூமரின்' என்ற பொருள், சோதனை விலங்குகளின் கல்லீரலைக் கெடுப்பது பிறகு தெரியவந்தது. 1954-ல் அமெரிக்கா, உணவில் கூமரினைச் சேர்க்கத் தடை போட்டது. நம் நாட்டு விதிகளிலும், உணவில் வாசனைக்காகச் சேர்க்கக் கூடாதவை பட்டியலில் கூமரினும் டோங்கா விதையும் இருக்கின்றன.

பார்த்தீர்களா? மரத்தில் விளைந்த விதைக்குத் தடை. தொழிற்சாலையில் பிறந்த வெனிலினுக்கு அனுமதி! எங்கே பிறந்தது என்பதல்ல, உடம்புக்கு என்ன செய்யும் என்பதுதான் சட்டத்தின் கேள்வி.

நீங்களே துப்பறியுங்கள்!

பாக்கெட்டில் அடைத்து விற்கும் உணவில் வாசனை சேர்த்திருந்தால், அதையும் அதன் வகையையும் லேபிளில் அச்சிட வேண்டும். இந்தப் பொறுப்பைக் கவனிப்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்.

அடுத்த முறை பிஸ்கட், ஐஸ்கிரீம் வாங்கும்போது, முன்பக்கப் படத்தைப் பார்த்து மயங்காமல் பின்பக்கம் திருப்புங்கள். 'நேச்சுரல்' என்றால் முதல் வகை. 'நேச்சர் ஐடென்டிகல்' என்றால் இரண்டாவது. 'ஆர்டிஃபிஷியல்' என்றால் மூன்றாவது. அட்டையில் பூவும் காயும் அழகாகச் சிரிக்கும்; உள்ளே ஒரு காய்கூட இல்லாமல் இருக்கலாம்!

எழுத்து பொடிப் பொடியாக இருக்கிறதா? அப்பாவின் கண்ணாடியைக் கேட்டு வாங்கியாவது படித்துவிடுங்கள். அந்தப் பொடி எழுத்து உங்களுக்காக அச்சிட்டதுதானே!