டால்டனுக்கு ஒரு வக்காலத்து

சிறந்த ஜேம்ஸ் பாண்ட் யார் என்றால் பலரும் ஷான் கானரி என்பார்கள். இளையவர்கள் டேனியல் கிரெய்க் என்பார்கள். இரண்டே படங்களில் நடித்துவிட்டு விலகிய திமோத்தி டால்டனைச் சொல்பவர்கள் குறைவு. ஆனால், கொலையைத் தொழிலாகக் கொண்டவனின் களைப்பை முழுக்க நடித்துக் காட்டியவர் அவர்தான். ‘தி லிவிங் டேலைட்ஸ்’ (1987) படத்தில், சுட வேண்டிய பெண் தொழில்முறைக் கொலையாளி அல்ல என்று கணநேரத்தில் உணர்ந்து, அவளை விட்டுத் துப்பாக்கியை மட்டும் சுடுகிறார். வேலை போனால் போகட்டும் என்ற எரிச்சல் அவர் முகத்திலேயே இருக்கிறது. 57 வயதுவரை பாண்டாகப் புன்னகையோடு உலவிய ரோஜர் மூரிடம் (அதுவும் ஓர் அழகுதான்) இதை எதிர்பார்க்க முடியாது.

நகைச்சுவை வரவில்லை என்பது டால்டன் மீதான பழைய புகார். உண்மைதான், மூருக்கு ஏற்ற குறும்பு வசனங்கள் அவர் வாயில் ஒட்டவில்லை. ஆனால், நண்பனைச் சுறாவுக்கு இரையாக்கியவர்களைப் பழிவாங்கப் புறப்படும் ‘லைசன்ஸ் டு கில்’ (1989) நாயகனுக்குச் சிரிப்பு எதற்கு? அமெரிக்காவில் வசூல் குறைந்ததும் உண்மையே. அதே கோடையில் ‘பேட்மேன்’, ‘இண்டியானா ஜோன்ஸ்’ படங்களோடு அது மோத வேண்டியிருந்தது. பிறகு சட்டச் சிக்கலால் ஆறாண்டுகள் பாண்ட் படமே வரவில்லை. 2006-இல் கிரெய்க் அதே இறுக்கத்தோடு வந்தபோது, புதுமை என்று கொண்டாடினார்கள்.