மாதம் முடியுமுன் டேட்டா முடிகிறதா?

"உம்மா, டேட்டா முடிஞ்சி போச்சி!"

மாதத்தின் பதினேழாம், பதினெட்டாம் நாளில் இந்தக் குரல் கேட்காத வீடுகள் இன்று குறைவு. ஒரு காலத்தில் மாதக் கடைசியில் சீனி முடியும், பருப்பு முடியும். பக்கத்து வீட்டில் ஒரு சுண்டு இரவல் வாங்கிச் சமாளிப்போம். டேட்டாவை அப்படிச் சுண்டில் அளந்து வாங்க முடிவதில்லை. முடிந்த அன்றே மேலதிகமாகப் பணம் கட்டி வாங்குகிறோம். அடுத்த மாதமும் அதே கதைதான்.

பன்வில பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். வாப்பா கத்தாரில். மூத்த மகள் ஒன்லைனில் பிள்ளைகளுக்குக் கணித வகுப்பு நடத்துகிறார். மகன் உயர்தரம் படிக்கிறார். அவர்களுக்குக் கீழே இரண்டு சிறுவர்கள். மாதம் 200 ஜீபி பெக்கேஜ். பதினெட்டாம் நாள் அது காலியாகிவிடும். நடுவில் அறுந்துபோன வகுப்புகளால் இரண்டு பெற்றோர் தம் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்த தாய்மாமா தங்கையிடம் சொன்னார்: "தங்கச்சி, இவட வகுப்பாலதான் டேட்டா எல்லாம் போகுது. வகுப்ப நிப்பாட்டச் சொல்லு."

மகள் அழவில்லை, வாதாடவும் இல்லை. "மாமா, ஒரு கிழமைக்கு அளந்து பாப்பம். அதுக்குப் பொறகு நீங்க சொல்றபடி செய்றன்" என்றார்.

சகோதரிகளே, இணையம் அதிகம் பாவிக்கும் வீடுகள் எல்லாம் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான். விளம்பரத்தைப் பார்த்துப் பெக்கேஜ் எடுப்பதற்கு முன் வீட்டை அளந்து பார்க்க வேண்டும்.

குழாயும் தாங்கியும்

மலைநாட்டு வீடுகளில் ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தாங்கியில் தண்ணீர் நிரப்புவதை எல்லோரும் அறிவோம். குழாய் பெரிதாக இருந்தால் தண்ணீர் வேகமாக வரும். ஆனால் எத்தனை வாளி கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது தாங்கிதான். இணையமும் அப்படியே. விளம்பரத்தில் காணும் "எம்பிபிஎஸ்" குழாயின் பருமன். "ஜீபி" தாங்கியின் கொள்ளளவு. குழாயை மட்டும் பெரிதாக்கினால் தாங்கி இன்னும் சீக்கிரம் காலியாகும்!

ஒரு சின்னக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 1 மெகாபிட் வீதம் ஒரு மணிநேரம் ஓடினால் 450 மெகாபைட் செலவாகும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் வரும் கணக்கு இது. சாதாரணத் தெளிவில் ஓடும் படத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மெகாபிட் தேவை. நல்ல தெளிவுக்கு இரண்டரை. பெரிய டீவியில் முழுத் தெளிவுக்கு ஐந்து.

மகள் ஒரு கொப்பியை எடுத்தார். யார், எத்தனை மணிநேரம், எந்தத் தெளிவில் என்று ஒரு கிழமை எழுதினார். அதை வைத்து ஒரு மாதத்துக்குக் கணக்குப் பார்த்தார்.

அவருடைய வகுப்பு நாளுக்கு 3 மணிநேரம், மாதம் 22 நாள். போவதும் வருவதும் சேர்த்து 2 மெகாபிட் என்று வைத்தால் 60 ஜீபி. தம்பியின் பாட வீடியோக்கள் நாளுக்கு 2 மணிநேரம், 67 ஜீபி. கத்தாரிலிருக்கும் வாப்பாவுடன் ஒரு மணிநேர வீடியோப் பேச்சு, 20 ஜீபி. சின்னவர்கள் அஸருக்குப் பின் டீவியில் பார்க்கும் கார்ட்டூன் நாளுக்கு 3 மணிநேரம், முழுத் தெளிவில், 202 ஜீபி!

மொத்தம் ஏறக்குறைய 350 ஜீபி. அதில் பாதிக்கு மேல் கார்ட்டூன். சம்பாதித்துத் தரும் வகுப்பு எடுத்ததோ ஆறில் ஒரு பங்கு. "சின்னவங்கட கார்ட்டூனா இவ்வளவும் திண்டது?" என்று உம்மா வாயில் கைவைத்தார். அந்த வகுப்புக் காசில்தான் வீட்டின் இணைய பில்லே கட்டப்பட்டு வந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை.

டீவியில் தெளிவைக் குறைத்து வைத்தார்கள். 202 ஜீபி 50 ஆனது. சின்னவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவேயில்லை. மொத்தம் 200க்குள் வந்தது.

எங்கள் வீடுகளிலும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத செலவுகள் உண்டு. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவது, போனிலுள்ள படங்கள் எல்லாம் தானாகவே மேலே ஏறிச் சேமிக்கப்படுவது, பகலில் ஓடும் மென்பொருள் புதுப்பிப்பு, எப்போதோ வந்து போன விருந்தாளியின் போனில் இன்னும் இருக்கும் வைபை இரகசியச் சொல். எல்லாம் வீண் விரயம்தான். நிறுத்திவிட்டு மீதியைக் கணக்கிடுங்கள். அதற்கு மேல் கால்பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவையான அளவு அதுவே.

வேகத்துக்கும் இதே முறைதான். இந்த வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பாவித்தாலும் 11 மெகாபிட்டைத் தாண்டாது. தளராமல் வரும் 20, 25 மெகாபிட் போதும். 100, 300 என்ற பெரிய எண்களுக்காகக் கூடுதலாகக் கட்டத் தேவையில்லை.

வாசலுக்கு எது வருகிறது?

கண்டியிலிருந்து மடவளை, வத்துகாமம் வழியாக ஏறினால் பன்வில. அதற்கப்பால் ஹுலுகங்கை, மடுல்கலை. தலைக்கு மேல் நக்கிள்ஸ் மலைத்தொடர். இங்கே மேட்டிலுள்ள வீட்டுக்குச் சிக்னல் தாராளமாக வரும். வளைவுக்குக் கீழேயுள்ள வீட்டில் போன் ஊமையாகிவிடும். மச்சி வீட்டில் நன்றாக ஓடுகிறது என்று அதே பெக்கேஜை எடுத்து ஏமாந்தவர்கள் பலர்.

இலங்கையில் வீட்டு இணைப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருபவை எஸ்எல்டி-மொபிடெல், டயலொக். ஹட்ச் நிறுவனமும் உண்டு. ஏர்டெல் லங்கா 2024இல் டயலொக்குடன் இணைந்துவிட்டது. ஆனால் நிறுவனத்தின் பெயரைவிட, இணைப்பு எந்த வழியில் வீட்டுக்கு வருகிறது என்பதே முக்கியம்.

பைபர் இணைப்பு கண்ணாடி இழையில் வருகிறது. வேகம் தளராது, மழைக்கும் மசியாது. அது உங்கள் பாதைக்கு வந்திருந்தால் இரண்டாம் யோசனை வேண்டாம்.

பழைய செப்புக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல், பரிவர்த்தனை நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட நலிந்துபோகும். இன்னொரு குறை: வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வேகம் அதில் 1 மெகாபிட் அளவுதான். வகுப்பு எடுப்பவருக்கும், தையல் வேலை, கேக் வேலை வீடியோக்களை அனுப்புபவருக்கும் இது போதாது. பெக்கேஜ் எடுக்கும்போது "அனுப்பும் வேகம் எவ்வளவு?" என்று கேட்க மறக்காதீர்கள்.

நான்காம் தலைமுறை ரவுட்டர் கோபுரத்திலிருந்து காற்றில் வருகிறது. ஒரே கோபுரத்தை ஊர் முழுவதும் பகிர்ந்துகொள்வதால் மஃரிபுக்குப் பின் இரவு பதினொரு மணி வரை நெரிசல். இதை எடுக்குமுன் அந்த நிறுவனத்தின் சிம் ஒன்றை இரவல் வாங்கி உங்கள் வீட்டிலேயே சோதியுங்கள். காலை பத்து மணிக்கு ஒரு தடவை, மஃரிபுக்குப் பின் ஒரு தடவை, இஷாவுக்குப் பின் ஒரு தடவை வேகத்தைப் பாருங்கள். பல போன்களில் அமைப்புப் பகுதியில் சிக்னல் அளவு கழித்தல் குறியுடன் காட்டப்படும். கழித்தல் 85 என்றால் நல்லது. கழித்தல் 110 என்றால் கைவிட்டுவிடுங்கள்.

நான் சொன்ன வீட்டில் ரவுட்டர் மண்டபத்து இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே கழித்தல் 108. மாடி யன்னலில் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து வைத்தபோது கழித்தல் 93. ஒரு சதம் செலவில்லை.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையமும் இலங்கைக்கு வந்தது. கம்பியும் கோபுரமும் எட்டாத தோட்டப் பகுதிகளுக்கு அது வழிகாட்டலாம். ஆனால் வந்தபோது அதன் கருவிக்கே ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல் விலை. திறந்த வானமும் வேண்டும். உயர்ந்த மரமும் மலைச்சுவரும் மறைத்தால் அறுந்து அறுந்து வரும். வேறு வழியிருந்தால் அவசரப்பட வேண்டியதில்லை.

"அன்லிமிட்டெட்" என்ற சொல்

"எல்லையற்றது" என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அதற்குள்ளும் ஒரு எல்லை இருக்கும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் இணைப்பு அறாது; வேகம் குறையும். எனவே இரண்டு கேள்விகள் கேளுங்கள். எத்தனை ஜீபிக்குப் பின் குறையும்? குறைந்தால் எவ்வளவு வேகம் மிஞ்சும்? 2 மெகாபிட் மிஞ்சினால் ஒரு வகுப்பாவது நடக்கும். அதற்கும் கீழே போனால் அந்தச் சொல்லை நம்பிப் பயனில்லை.

சில பெக்கேஜ்களில் டேட்டாவைப் பகலுக்கு ஒரு பங்கு, நள்ளிரவுக்குப் பின் ஒரு பங்கு என்று பிரித்துத் தருவதுண்டு. மொத்த எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். பகல் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். இரவுப் பங்கு எப்போது முடிகிறது என்றும் கேளுங்கள். சுபஹுக்கு எழும்பும் வீடுகளுக்கு அது வீணாகாது. உயர்தர மாணவர் பாட வீடியோக்களை அந்த நேரத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் பகலில் இணையமில்லாமலே பார்க்கலாம். நான் சொன்ன வீட்டுத் தம்பி அப்படிச் செய்யத் தொடங்கியபின் பகல் செலவு 130 ஜீபியாக இறங்கியது. நோன்பு மாதத்தில் சஹர் வரை விழித்திருக்கும் வீடுகளுக்கு இந்தப் பங்கு இன்னும் கைகொடுக்கும்.

கரண்ட் போனால்?

பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்குப் பரிவர்த்தனை நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் பேசலாம். பைபர் பெட்டி அப்படியல்ல. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. ரவுட்டருக்கென்றே சின்ன மின்கல யூபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. இணையத்தில் உழைப்பவர் இருக்கும் வீட்டுக்கு அது அவசியம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகளால் பாதைகளும் மின்சாரமும் தொடர்புகளும் பல இடங்களில் அறுந்தன. பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கக் கடல் கடந்திருந்த வாப்பாமார் பட்ட தவிப்பைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே வீட்டு இணைப்பு ஒரு நிறுவனத்தினது என்றால், கையிலுள்ள போனின் சிம் இன்னொரு நிறுவனத்தினதாக இருக்கட்டும். ஒன்று விழுந்தால் மற்றது நிற்கக்கூடும்.

மலைநாட்டில் இடியும் மின்னலும் கடுமை. செப்புக் கம்பி இணைப்பு உள்ளவர்கள் இடி முழங்கத் தொடங்கியதும் கம்பியையும் மின்செருகியையும் கழற்றிவிடுங்கள். பைபர் இழை மின்னலைக் கொண்டுவராது. ஆனால் அந்தப் பெட்டியின் மின்கம்பி கொண்டுவரும்.

கையொப்பமிடுமுன்

விளம்பர விலை வேறு, பில்லில் வரும் தொகை வேறு. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 சதவீதம்; அதற்கு மேலும் வரிகள் சேரலாம். "எல்லா வரியும் சேர்த்து மாதம் எவ்வளவு?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பொருத்தும் கட்டணம், ரவுட்டர் யாருக்குச் சொந்தம், எத்தனை மாதம் கட்டாயம், நடுவில் நிறுத்தினால் தண்டம் உண்டா, மேலதிக ஜீபி ஒன்றின் விலை என்ன? இவற்றையும் கேளுங்கள். மாதாமாதம் மேலதிகம் வாங்குபவர்கள் அந்தத் தொகையைக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அடுத்த பெரிய பெக்கேஜ் அதைவிட மலிவாக இருக்கும்.

குறை தீராவிட்டால் முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள். நிறுவனம் செவிசாய்க்காவிட்டால், 1996ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அப்போது உங்கள் கொப்பிக் குறிப்புகள் சாட்சியாகும்.

2021இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, பொஹிட்டியாவ என்ற கிராமத்தில் ஓர் ஆசிரியையும் மாணவரும் சிக்னலுக்காகக் காட்டு வழியே நடந்து பாறை உச்சிக்கு ஏறிய செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. ஒரு ஜீபியின் பெறுமதி அவர்களுக்குத் தெரியும். வீட்டுக்குள்ளேயே கிடைக்கும் நாம் அதைக் கணக்கில்லாமல் கரைத்துவிட்டு, படிக்கும் பிள்ளையையோ உழைக்கும் மகளையோ குறை சொல்வது நியாயமா?

அந்த வீட்டுப் பாதைக்குச் சில மாதங்களின் பின் பைபர் வந்தது. மிகப் பெரிய பெக்கேஜை எடுக்கும்படி விற்பனையாளர் வற்புறுத்தினார். உம்மா கொப்பியைத் திறந்து, "எங்களுக்கு மாசம் இவ்வளவு போதும், மகன்" என்று நடுத்தரமானதை எடுத்தார். பழைய ரவுட்டரின் சிம்மை அவசரத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

நின்றுபோன இரண்டு பிள்ளைகளில் ஒருவர் வகுப்புக்குத் திரும்பி வந்துவிட்டார். மாமாவும் தம் மகளை அதே வகுப்பில் சேர்த்திருக்கிறார்.