அரியலூரில் ஒரு கடல்!

மாணவர்களே! வரதராஜன்பேட்டையில் நின்றுகொண்டு "கடல் எங்கே?" என்று கேட்டால் கிழக்கே கை காட்டுவார்கள். மேற்கே, அரியலூரை அடுத்த வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குச் சென்று பாருங்கள். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் புரண்ட கடல் தெரியும்.

ஆட்டுக்கிடாயின் கொம்புபோல் சுருண்ட கற்கள் அங்கு உண்டு. இவை அம்மோனைட்டுகள். நத்தை என்று எண்ணிவிடாதீர்கள், கணவாயின் உறவினம். ஓட்டினுள்ளே வரிசையாக அறைகள். கடைசி அறையில் உயிரி வசிக்கும். மற்றவற்றில் வாயு இருக்கும். அதனால்தான் கனத்த ஓட்டுடன் அது நீரில் மிதந்தது. இவை கடலில் மட்டுமே வாழ்ந்தவை. ஆகவே இவை கிடைக்கும் இடம் பழைய கடலடி.

அப்படியானால், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறதே, எப்படி? மரம் கடலில் வளராதே! ஆற்று வெள்ளம் அடித்து வந்த மரம் கடலடிச் சேற்றில் புதைந்தது. நீரில் கரைந்திருந்த சிலிக்கா கட்டையின் நுண்ணறைகளில் புகுந்து அதைக் கல்லாக்கியது. 1940-இல் புவியியலறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் இதைப் பதிவு செய்தார்.

அருகிலுள்ள காரையில் ஒரு மேட்டில் ஏறினால், மழைநீர் அறுத்த ஓடைகள் கண்ணுக்கெட்டிய தூரம் விரியும். எல்லாம் கடலடிக் களிமண்தான். மழை பெய்யப் பெய்ய ஓடுகள் வெளியே வரும். பையில் போட்டுக்கொள்ளக் கை துறுதுறுக்கும். எடுக்காதீர்கள்! எந்த அடுக்கில் கிடந்தது என்பதைக் கொண்டே வயதைக் கணிக்கிறார்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அருங்காட்சியகத்தாரிடம் காட்டுங்கள்.