பில் இல்லாத டோனர், கணக்கில்லாத பக்கம்

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோடு போன்ற இடத்தில் ஜெராக்ஸ் கடைக்கு வேலை ஓய்வதே இல்லை. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு பதிவு செய்கிறவருக்குச் சிட்டா நகல் வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கினால் அடங்கலும் பாஸ்புக்கின் முதல் பக்கமும் வேண்டும். எந்த அலுவலகத்தில் ஏறினாலும் “மூணு செட் எடுத்துட்டு வாங்க” என்பதே முதல் வார்த்தை. அதைச் சொல்பவரின் மேசைக்குப் பக்கத்திலேயே அரசுப் பணத்தில் வாங்கிய லேசர் பிரிண்டர் ஒன்று இருக்கும். டோனர் தீர்ந்திருக்கும், யாரும் இண்டென்ட் போட்டிருக்கமாட்டார்கள். இப்படி மக்கள் தலையில் ஏற்றப்படும் நகல் சுமையைக் கடைசியில் தாங்குவது சின்னக் கடைகளின் பிரிண்டர்கள்தான். பள்ளி, வக்கீல் ஆபீஸ், கூட்டுறவுச் சங்கம் எல்லாவற்றிலும் இதே கதை. இவர்கள் எல்லோரும் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். பிரிண்டரின் விலையைப் பேரம் பேசி ஆயிரம் ரூபாய் குறைக்கிறார்கள். ஒரு பக்கம் அடிக்க என்ன ஆகும் என்று கேட்பதில்லை. பிறகு மெஷின் மக்கர் செய்யும்போது கையில் பில்லும் இருப்பதில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கடைக்காரர்கள் “12ஏ” என்று சொல்லும் டோனரின் அறிவிக்கப்பட்ட அளவு 2,000 பக்கம். “88ஏ” என்றால் 1,500. ஒரிஜினல் டோனர் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 2,000 பக்கத்துக்கு வகுத்தால் பக்கத்துக்கு இரண்டரை ரூபாய். 500 தாள் கொண்ட கட்டு 250 ரூபாய் என்றால் தாளுக்கு ஐம்பது காசு. ஆக மூன்று ரூபாய், அதுவும் டிரம், ரிப்பேர், வாடகை எதையும் சேர்க்காமல். கரண்ட் பில்லைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அது இந்தக் கணக்கில் தூசு. ஆயிரம் பக்கம் தொடர்ந்து அடித்தாலும் சிறிய பிரிண்டர் ஒரு யூனிட்கூடத் தொடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழக அரசு 2005-இல் வகுத்த கட்டண விதியில் ஏ4 நகல் ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய். அந்த 2 ரூபாயை அளவுகோலாக வைத்துப் பார்த்தால், சிறிய பிரிண்டரில் ஒரிஜினல் டோனர் போட்டு நகல் விற்பவர் பக்கத்துக்குப் பக்கம் கைக்காசைப் போடுகிறார். புது மெஷினோடு வரும் டோனரை நம்பியும் கணக்குப் போடாதீர்கள். பல மாடல்களில் அதில் முழு அளவு தூள் இருக்காது. டப்பாவில் ‘ஸ்டார்ட்டர்’ அல்லது ‘இன்ட்ரொடக்டரி’ என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த 2,000 என்பதும் சும்மா வரும் எண் அல்ல. ஐ.எஸ்.ஓ. 19752 என்ற சோதனை முறைப்படி, பக்கத்தின் பரப்பில் ஏறத்தாழ ஐந்து சதவீதம் மட்டுமே மை படும் ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்ப அடித்து எடுத்த கணக்கு அது. இடைவெளி விட்டு அடித்த ஒரு கடிதத்துக்கு அது பொருந்தும். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட விண்ணப்பம், பெரிய லெட்டர்ஹெட், போட்டோ ஒட்டிய படிவம் என்றால் பாதிகூட வராது. இதைவிட மோசமான பழக்கம் ஒன்றைக் கடைக்குக் கடை காணலாம். ஆதார் அட்டையைக் கண்ணாடியில் வைத்து மூடியைத் திறந்தபடியே நகல் எடுப்பார்கள். அட்டையைச் சுற்றி முழுத் தாளும் கறுப்பாக வந்து விழும். அட்டையின் பரப்பு சுமார் 46 சதுர சென்டிமீட்டர். ஏ4 தாளின் பரப்பு 620-க்கு மேல். அதாவது தாளில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வீண் கறுப்பு. ஐந்து சதவீதக் கணக்கில் பதினெட்டு பக்கத்துக்கு ஆகும் தூள் அந்த ஒரே தாளில் போய்விடுகிறது. மூடியை மூட ஒரு விநாடி ஆகும். அந்த ஒரு விநாடி இல்லாதவர்தான் மாதக் கடைசியில் “டோனர் நிக்கவே மாட்டேங்குது, கம்பெனி ஏமாத்துறான்” என்கிறார்.

இன்னொரு பொறி ‘மாதம் 5,000 பக்கம்’ போன்ற வாசகம். டியூட்டி சைக்கிள் என்பது மெஷின் தாங்கக்கூடிய உச்ச வரம்பு. மாதாமாதம் அவ்வளவு அடிக்கலாம் என்று அர்த்தமல்ல. தினசரி வேலைக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு வேறு எண், அதைவிட மிகக் குறைவு. விற்பவர் முதல் எண்ணைக் காட்டுவார். இரண்டாவதை நீங்கள்தான் கேட்க வேண்டும். வரம்புக்கு மேல் ஓட்டினால் முதலில் ஃப்யூசர் ஃபிலிம் கிழியும், பிறகு பிக்அப் ரோலர் தாளை இழுக்காது. இரண்டுக்கும் ‘தேய்மானம்’ என்று சொல்லி வாரண்டியில் கைவிரிப்பார்கள். டிரம் தனியாக வரும் மாடல் என்றால் அது எத்தனை பக்கத்துக்கு ஒருமுறை மாறும், விலை என்ன என்பதும் பக்கக் கணக்கில் சேர வேண்டும். ஒரே தாளில் ஐந்நூறு, ஆயிரம் பிரதி என்றால் லேசர் பிரிண்டரைத் தொடவே கூடாது என்பது என் கட்சி. ஒரு நல்ல மூலப்பிரதி எடுத்துக்கொண்டு ரிஸோ மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். அதில் ஒருமுறை மாஸ்டர் வெட்டிவிட்டால் பிரதி கூடக்கூட விலை இறங்கும். ஆயிரங்களுக்கு மேல் போனால் ஆஃப்செட். லேசரில் ஆயிரமாவது பிரதிக்கும் முதல் பிரதிக்கு ஆன செலவேதான். தேர்வு நேரத்தில் வினாத்தாளை ஆபீஸ் பிரிண்டரிலேயே அடித்துத் தள்ளும் பள்ளிகள் இதை எப்போது யோசிக்கும் என்று தெரியவில்லை.

“அப்படியானால் ரீஃபில் போட்டால் போச்சு” என்பார்கள். போடலாம், அது குற்றமில்லை. விற்ற கார்ட்ரிட்ஜை மீண்டும் நிரப்புவதைக் காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2017-இல் லெக்ஸ்மார்க் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் எச்.பி. போன்ற நிறுவனங்கள் சில மாடல்களில் ‘டைனமிக் செக்யூரிட்டி’ என்ற பெயரில், தங்கள் சிப் இல்லாத கார்ட்ரிட்ஜை மெஷின் ஏற்காதபடி செய்வதை வெளிப்படையாகவே அறிவித்திருக்கின்றன. வாங்கும் முன் டப்பாவில் இதைப் படியுங்கள். வாங்கிய பிறகு படித்து என்ன பயன்? ரீஃபில் போட்டவுடன் வாரண்டி முழுக்கப் போய்விடும் என்று சர்வீஸ் ஆள் சொன்னால் அதையும் அப்படியே நம்ப வேண்டாம். பெரிய நிறுவனங்களின் வாரண்டி வாசகம் பொதுவாகச் சொல்வது, ரீஃபிலால் ஏற்பட்ட பழுதுக்குப் பொறுப்பில்லை என்பதைத்தான். பழுதுக்குக் காரணம் ரீஃபில்தான் என்றால் அதை ஜாப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். வாயால் சொல்லும் பலரும் பேனாவை எடுக்கத் தயங்குவார்கள். ரீஃபில் செய்பவரிடமும் ஒரு கண் வேண்டும். பழைய கழிவுத் தூளைக் கொட்டாமல் புதுத் தூளை மட்டும் நிரப்பினால் சில நூறு பக்கத்திலேயே கறுப்புக் கோடு விழும், உள்ளே தூள் கசியும். கசிந்த தூளை வாயால் ஊதாதீர்கள், வெந்நீரில் துடைக்காதீர்கள். ஈரத்துணியும் பச்சைத் தண்ணீரும் போதும்.

உண்மையான ஆபத்து ரீஃபில் அல்ல, ஒரிஜினல் என்று சொல்லி விற்கும் போலி. இதற்கு வாசல் திறந்துவிடுவது நாம்தான். “பில் போட்டா 18 பர்சென்ட் கூடும், பில் வேணாம்னா குறைச்சுத் தரேன்” என்ற ஒரு வாக்கியத்தில் விழுகிறவர்கள் எத்தனையோ பேர். பில்லைக் கைவிடும்போது நீங்கள் விடுவது வரி மட்டுமல்ல. அந்தக் கடையில் அந்தப் பொருளை வாங்கினீர்கள் என்பதற்கான ஒரே சாட்சியையும்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பில் இல்லாமல் அதைப் பிடித்துக்கொள்ள வழியில்லை.

ஆகவே வாங்கும் நாளிலேயே காகிதத்தைத் தயார் செய்யுங்கள். கொட்டேஷன் கேட்கும்போது மெஷின் விலையோடு நிற்காமல், பொருந்தும் டோனரின் மாடல் எண், அதன் பக்க அளவு, விலை, டிரம் தனியா சேர்ந்ததா, பரிந்துரைக்கப்பட்ட மாத அளவு ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். பில்லில் மாடலும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். ‘பிரிண்டர் ஒன்று’ என்று மட்டும் எழுதினால் திருப்பிக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். மெஷினைப் பொருத்தியதும் முதல் வேலையாக கான்ஃபிகரேஷன் பேஜ் அடியுங்கள். பெரும்பாலான மாடல்களில் ஒரு பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தாலே வந்துவிடும். அதில் சீரியல் எண்ணும் இதுவரை அடித்த மொத்தப் பக்கமும் இருக்கும். புது மெஷினில் அந்த எண் ஆயிரக்கணக்கில் இருந்தால் அது புது மெஷின் அல்ல. அந்தத் தாளில் தேதி போட்டு விற்பனையாளர் கையெழுத்தும் வாங்கிப் பில்லோடு வையுங்கள். டோனர் மாற்றும்போதெல்லாம் இதே பக்கத்தை ஒருமுறை அடித்தால், சொன்ன அளவு வந்ததா இல்லையா என்பதற்கு வாய்ச்சண்டை தேவையில்லை. இன்னொன்று: தெர்மல் தாளில் வரும் பில் சில மாதத்தில் வெளுத்துவிடும். ஊருக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுப்பவர் தன் பில்லுக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்வதில்லை!

இப்போது நுகர்வோர் வழக்குப் போடுவதில் உள்ள சிக்கலான இடத்துக்கு வருகிறேன். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் ‘நுகர்வோர்’ அல்ல என்று சட்டத்தின் 2(7) பிரிவு சொல்கிறது. எதிர்த்தரப்பு முதலில் பிடித்துக்கொள்வது இதைத்தான். ஆனால் அதே பிரிவின் விளக்கம், சுயதொழிலால் வாழ்வாதாரம் தேடுவதற்காக மட்டுமே பொருளைப் பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்கிறது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டுக்கு எதிரான லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகவே அலசியது. அதில் வழக்குப் போட்ட நிறுவனம் பெரிய அளவில் உற்பத்தி செய்தது என்பதால் தோற்றது. ஆனால் பிறருக்குத் தட்டச்சு செய்து கொடுத்துப் பிழைக்கத் தானே டைப்ரைட்டர் வாங்கியவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்ற தெளிவு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. டைப்ரைட்டர் இருந்த இடத்தில் இன்று லேசர் பிரிண்டர். ஆகவே மனுவில் “என் வாழ்வாதாரத்துக்காக, சுயதொழிலாக, நானே இயக்குகிறேன்” என்ற வாசகம் கட்டாயம் இருக்க வேண்டும். முத்ரா போன்ற கடனில் வாங்கியிருந்தால் அந்த அனுமதிக் கடிதத்தையும் இணையுங்கள். இந்த ஒரு வரி இல்லாததால் மனு வாசலிலேயே அடிபடலாம், எழுத மறக்காதீர்கள்.

பழுது வந்தால் போனில் கத்துவதோடு நின்றுவிடாதீர்கள். சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் ஜாப் ஷீட் வாங்குங்கள். அதில் புகார் என்ன, மீட்டர் எண் என்ன, என்ன செய்தார்கள் என்பது இருக்கட்டும். பிறகு விற்ற கடைக்கும் நிறுவனத்துக்கும் 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு கடிதம், தபால் ரசீதும் ஒப்புகையும் கையில் இருக்கும்படி. கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பதிவெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது நீதிமன்றம் அல்ல, சமரசம் பேசும் இடம்; அங்கே சொல்லிவிட்டோம் என்று உட்கார்ந்துவிட்டால் காலம் போய்விடும். அடுத்தது கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பிரிண்டரைச் சென்னையிலோ ஆன்லைனிலோ வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே மனு போட 2019 சட்டம் அனுமதிக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. விற்றவர், தயாரிப்பாளர், சர்வீஸ் சென்டர் மூவரையும் எதிர்த்தரப்பில் சேர்த்துவிடுங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர் மேல் பழி போட்டுத் தப்புவார். கெடு இரண்டு ஆண்டு. “அடுத்த வாரம் பார்ட்ஸ் வந்துடும்” என்று சொல்லிச் சொல்லியே அதைக் கரைப்பார்கள், கவனம்.

ஆணையத்துக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்பார்கள். சட்டம் மூன்று மாதத்தில், பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில், முடிக்கச் சொல்கிறது. நடைமுறையில் நீள்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் சீரியல் எண்ணோடு பில்லும் ஜாப் ஷீட்டும் இணைத்த நோட்டீஸைப் பார்த்ததும் மாற்று மெஷின் தந்து முடித்துக்கொள்வது விற்பவருக்கே லாபம். வெறும் வாய்ப்புகாருக்கு அந்த மரியாதை கிடைக்காது. அரசு அலுவலகமும் பள்ளியும் இந்த ஆணையத்தை நம்பி இருக்க முடியாது என்பதால், அவர்களுக்குக் கொட்டேஷன்தான் காவல். மூன்று கொட்டேஷன் வாங்கிக் குறைந்த விலையை டிக் அடிக்கும் அதிகாரி, மூன்றிலும் பக்க விலையைக் கேட்டு எழுதினால் ஆண்டுச் செலவே வேறாக இருக்கும். அந்த வீண்செலவை நகல் கேட்டு வரும் குடிமகன் மேல் ஏற்றுவதற்கும் இடமில்லை. தகவல் உரிமை மனுவுக்குக் கட்டணம் கேட்டால், அதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதையும் எழுத்தில் தர வேண்டும் என்கிறது 7(3) பிரிவு. 30 நாள் கெடுவைத் தாண்டினால் 7(6)-இன்படி இலவசமாகவே தர வேண்டும். கேளுங்கள், கேட்காதவருக்கு யாரும் சொல்லமாட்டார்கள்.

காலி டோனரை என்ன செய்வது என்பதிலும் அலட்சியம் கொடிகட்டிப் பறக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளில் பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்திருக்கின்றன. குப்பை வண்டியில் போடக் கூடாது, தயாரிப்பாளரின் சேகரிப்பு ஏற்பாட்டில் ஒப்படைக்க வேண்டும். ஒரிஜினல் டோனரின் காலி அட்டைப்பெட்டியையும் கார்ட்ரிட்ஜையும் நல்ல விலைக்குக் கேட்டு வருபவர்கள் உண்டு. வெறும் அட்டைக்கு ஏன் இவ்வளவு கொடுக்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். பெட்டியைக் கிழித்து, ஹாலோகிராம் ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டுத்தான் கடையை விட்டு வெளியே அனுப்ப வேண்டும்.