இளவேனிலும் கவியரங்கமும்

யுகாதி பிறந்தால் கன்னட நாட்டில் வேம்பும் வெல்லமும் மட்டுமன்று, கவிதையும் பரிமாறப்படுகிறது. கவிஞர்கள் கூடித் தம் பாக்களைத் தாமே படிக்கும் ‘கவிகோஷ்டி’, நம் கவியரங்கத்தின் உடன்பிறப்பே ஆகும். அகில இந்திய வானொலி 1956-இல் தொடங்கிய சர்வபாஷா கவிசம்மேளனத்திலோ தமிழும் கன்னடமும் ஒரே அவையில் ஒலித்தன.

மைசூரிலிருந்து உதகைக்கும் வயநாட்டுக்கும் வழி பிரியும் குண்டலுபேட்டையில் மும்மொழியும் செவியில் விழும். இங்குக் கன்னடப் பள்ளியில் பயிலும் நம் குழந்தைகளுட் பலர் தமிழ் எழுத்தறியார். எனினும் அவர்தம் செவி தமிழறியும். கவியரங்கமோ செவிக்கே விருந்து. அடியை இருமுறை சொல்லும் மரபு, தவறவிட்ட சொல்லையும் மீட்டுத் தரும்.

ஆதலின் இவ்விளவேனிலில் மக்களைக் கவிகோஷ்டிக்கு அழைத்துச் செல்வோம். சித்திரைப் பிறப்பன்று வீட்டில் தமிழ்ப் பாட்டொன்றை உரக்கப் படிப்போம். செவி சுவைத்ததைக் கண்ணும் நாடும். எழுத்துத் தானே பின்வரும்.