ஹிக்கரிக் காம்பும் அதில் பதிந்த பெயரும்

மரக் காம்பு வைத்த பழைய கோல்ஃப் மட்டை கைக்குக் கிடைத்தால் முதலில் அதன் கழுத்தைப் பாருங்கள். காம்பையும் மரத் தலையையும் சாய்வாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பசையிட்டு, தார் பூசிய நூலால் நெருக்கிச் சுற்றியிருந்தால் அது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு வேலை. தலையில் துளையிட்டுக் காம்பைச் செருகும் முறை அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் பரவியது.

சாய்வு ஒட்டில் தேர்ந்தவர் ஹியூ ஃபிலிப். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருந்த கோல்ஃப் சங்கம் 1819-இல் அவரைத் தன் மட்டைத் தச்சராக அமர்த்தியது. நீண்டு மெலிந்த தலை. எடைக்காகப் பின்புறம் குடைந்து ஊற்றிய ஈயம். அடி விளிம்பு தேயாமலிருக்க ஆட்டுக்கடாவின் கொம்புத் துண்டு. மர மட்டைகளில் இவற்றைவிட அழகானவை இல்லை என்பேன்.

அந்த மெலிவுக்கு இடம் கொடுத்தது பந்து. அன்றைய பந்து, தோல் உறைக்குள் இறகை இறுக அடைத்துத் தைத்தது. இரும்பு பட்டால் தையல் கிழியும், பந்தோ விலை அதிகம். ஆகவே மர மட்டையே பெரும்பாலும் புழங்கியது. 1848 வாக்கில் மலாய்க் காட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சாவில் செய்த பந்து வந்து எல்லாவற்றையும் மாற்றியது. அதன் கடினத்தை மெல்லிய தலைகள் தாங்கவில்லை. தலைகள் குட்டையாகித் தடித்தன. இரும்புக்கும் அந்தப் பந்து ஈடுகொடுத்ததால் கொல்லர்களுக்கு வேலை பெருகியது.

ஃபிலிப்பின் பட்டறை 1856-இல் அவருடைய உறவினர் ராபர்ட் ஃபோர்கன் கைக்கு வந்தது. முன்பு காம்புக்கு ஆஷ், ஹேசல் மரங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த ஹிக்கரியை முதலில் பயன்படுத்தியவர்களில் ஃபோர்கனும் ஒருவர். ஹிக்கரி வளையும், எளிதில் முறியாது. ஆனால் வேகமாக வீசினால் காம்பு முறுக்கிக்கொள்ளும், தலையின் முகம் திரும்பிவிடும். அதனால்தான் அக்கால ஆட்டக்காரர்கள் அவசரமில்லாமல் மட்டையை ஓங்கினார்கள். தச்சரும் காம்பைச் சிறிது சிறிதாகச் சீவி, வளைத்துப் பார்த்து, ஆடுபவரின் கைக்கு ஏற்ற விறைப்புக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. மரத்துக்கு மரம் இழையோட்டம் வேறு என்பதால் ஒன்றைப்போல் இன்னொன்றைச் செய்வது பெரும்பாடு.

எஃகுக் காம்பில் அந்தத் தொல்லை இல்லை. பிரிட்டனில் 1929-இல் அதற்கு அனுமதி கிடைத்தது. மறு ஆண்டு அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் நான்கு பெரும் பட்டங்களையும் வென்றது ஹிக்கரியால்தான் என்றாலும், சில ஆண்டுகளில் மரக் காம்புத் தொழில் ஓய்ந்துவிட்டது.

இரும்பு மட்டையில் இரண்டு பெயர்கள் இருந்தால் குழம்ப வேண்டாம். தலையை வார்த்தெடுக்காமல் அடித்துச் செய்த கொல்லர் ஒருவர்; அதை வாங்கிக் காம்பு பூட்டித் தன் பெயரைப் பொறித்து விற்ற கடைக்காரர் இன்னொருவர். செயின்ட் ஆண்ட்ரூஸ் கொல்லர் டாம் ஸ்டூவர்ட்டின் முத்திரை புகைக்குழாய். ஃபோர்கன் மட்டைகளில் வேல்ஸ் இளவரசரின் இறகுச் சின்னம் இருக்கும்; இளவரசர் 1901-இல் மன்னரான பிறகு அந்த இடத்தில் கிரீடம் வந்தது. துருவை உப்புத்தாளால் தேய்க்கப் போனால் முதலில் அழிவது இந்த முத்திரைதான். எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும்.